பதினோராவது சட்டையின் இடது கை

எனக்குக் கல்யாணம் நிச்சயமான மாதத்தில்தான் டென்மார்க்கிலிருந்து அந்தக் குழந்தைச் சட்டை ஆர்டரும் வந்தது. இரண்டிலும் ஒரே இடத்தில்தான் தகராறு: இடது கை.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முழங்கைக்குக் கீழே கொஞ்சம் வந்து, இதற்கு மேல் எதற்கு என்று நின்றுவிட்ட கை அது. பிறந்ததே அப்படி. ஸ்கூட்டர் மட்டும் ஓட்ட மாட்டேன், மற்றபடி எல்லாம் செய்வேன். சின்ன வயதில் 'உன் கை எங்கே' என்று கேட்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தேன். ஒருத்தியிடம் எலி தின்றுவிட்டது என்றேன். இன்னொருத்தியிடம் காங்கேயத்தில் அத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன். அடுத்த லீவுக்குப் போனால் ஞாபகமாக எடுத்து வந்துவிடு என்று அவள் அக்கறையாகச் சொன்னாள்.

அம்மாவுக்கு இந்த விளையாட்டெல்லாம் ஆகாது. அவள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தவள். முதுகுவலி வந்த பிறகு வீட்டிலேயே மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைக்கிறாள். என் உடம்பில் பட்ட துணியெல்லாம் அவள் தைத்ததுதான், எல்லாமே முழுக்கை. பள்ளிச் சீருடை அரைக்கை என்று விதி இருந்தபோது, தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே காத்துக் கிடந்து எனக்கு மட்டும் முழுக்கைக்கு அனுமதி வாங்கினாள். சித்திரை வெயிலில் வகுப்பே நோட்டால் விசிறிக்கொண்டிருக்க, நான் மணிக்கட்டு வரை பட்டன் போட்டுக்கொண்டு வெந்தேன். இடது கையின் நுனியை மூடித் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, பாவாடை மடிப்போடு படிந்து கிடக்கும்படி செய்திருப்பாள். வேலைப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது.

கல்யாண ஜாக்கெட்டுக்குத்தான் நான் முதன்முறையாக வாயைத் திறந்தேன். வலது கை எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் இருக்கட்டும், இடது பக்கம் என் கை எங்கே முடிகிறதோ அங்கேயே துணியும் முடியட்டும், சரிகைக் கரையும் அங்கேயே வரட்டும் என்றேன். அம்மா முடியாது என்றாள். மேடை, வீடியோ, வந்து கூடுகிற ஒறம்பரை சனம் என்று அடுக்கினாள். மாப்பிள்ளைக்கு இதில் ஓர் ஆட்சேபணையும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் கேட்டதே, எப்படிச் சடை பின்னிக்கொள்கிறீர்கள் என்றுதான். பின்னிக் காட்டினேன். கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை மெதுவாகச் செய்ய முடியுமா என்று கேட்டார். மனிதர் நிட்டிங் மெஷின் மெக்கானிக், எதையும் ஓட்டிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆக, வலது கை மட்டும் வைத்த ஜாக்கெட் அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. எனக்கு, என் கல்யாணத்தில் என் உடம்போடு நிற்க வேண்டும். அம்மாவுக்கு, அன்றைக்காவது தன் மகள் யார் வாயிலும் விழக் கூடாது. முகூர்த்தம் நெருங்கினால் இவள் வழிக்கு வந்துவிடுவாள் என்று அம்மா பேசாமல் இருந்தாள். நானும் அவளைப் பற்றி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்த ஆர்டர். நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்கள் கேட்பதைக் கம்பெனிக்கும், கம்பெனி செய்து வைத்திருப்பதை வெளிநாட்டுக்காரர்களுக்கும் புரியவைப்பது என் வேலை. இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அதில் சேர்த்தி. இந்த டிசைன், சின்னப் பிள்ளைகளுக்கான கருநீல டீ-சர்ட். மார்பில் பறந்து போகும் பறவைக் கூட்டம். வலது கை சாதாரணமானது. இடது கை மட்டும் வெள்ளைத் துணியில், ஓரமெல்லாம் இறகு இறகாக வெட்டி, பிள்ளையின் விரலையும் தாண்டித் தொங்க வேண்டும். படத்தைச் சாம்பிள் பிரிவுக்குக் கொடுத்தேன். இரண்டு நாளில் சட்டை வந்தது. இரண்டு கையும் கருநீலம், இரண்டும் ஒரே அளவு, அச்சுப் பிசகவில்லை.

தைத்தவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஓர் அக்கா. படம் போட்ட ஆள் இடது கையைத் தப்பாகப் போட்டுவிட்டான், நான் சரிசெய்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். கட்டிங் மாஸ்டரும் செக்கிங் பெண்களும் அவர் கட்சி. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. இடது கை வலது கையைவிட ஒரு நூல் இறங்கினாலும், நிறம் ஒரு சாயல் மாறினாலும், பீஸைத் தூக்கி ஒதுக்கிப் போடுவதற்காகவே இந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் டியூப் லைட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய், ஒரு கை வெள்ளையாகவும் கிழிசல் கிழிசலாகவும் வேண்டும் என்றால் எப்படி நம்புவார்கள்?

"ரெண்டு கையும் ஒண்ணுபோல இல்லைன்னா எந்தத் தாய் பிள்ளைக்கு வாங்கிப் போடுவா?" என்று அக்கா கேட்டார். கேட்ட பிறகுதான் எதிரே நிற்பது யார் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். டீ வந்துவிட்டதா என்று பார்த்து வருகிறேன் என்று எழுந்து போனவர் வெகு நேரம் திரும்பவில்லை. எனக்கு வருத்தமில்லை. அந்த நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு கேள்வி. ஒரு சட்டையில் எதற்காக ஒரு கையை மட்டும் இறக்கையாக வைப்பார்கள்?

அன்று மதியமே, டென்மார்க்கில் இந்த ஆர்டரைக் கவனிக்கிற பெண்ணிடம் வீடியோ காலில் கேட்டேன். எங்கள் ஊரில் எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த கதையாயிற்றே என்று ஆச்சரியப்பட்டு, வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். ஒரு ராஜாவுக்குப் பதினோரு மகன்கள், ஒரே ஒரு மகள். மாற்றாந்தாய் மந்திரம் போட்டு மகன்களைக் காட்டு அன்னங்களாக்கி விரட்டிவிடுகிறாள். அவர்களை மீட்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. தொட்டால் கொப்பளிக்கிற ஒரு செடியைச் சகோதரி வெறுங்கையால் பறித்து, வெறுங்காலால் மிதித்து நாராக்கி, நூலாக்கி, பதினோரு சட்டை பின்ன வேண்டும். நம் ஊர்ச் செந்தட்டி மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். பின்னி முடிக்கும் வரை அவள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் சகோதரர்கள் செத்துவிடுவார்கள்.

அவள் பேசவில்லை. இவள் சூனியக்காரி என்று ஊர் சொன்னபோதும் பேசவில்லை. எரிப்பதற்காக வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும்போதும் மடியில் வைத்துப் பின்னிக்கொண்டே போகிறாள். கடைசி நேரத்தில் பதினோரு அன்னங்களும் வந்து வண்டியைச் சுற்றி இறங்குகின்றன. சட்டைகளை வீசுகிறாள். எல்லோரும் மறுபடி மனிதர்களாகிறார்கள். பதினோராவது சட்டைக்கு மட்டும் ஒரு கை பின்னி முடியவில்லை. அதனால் கடைக்குட்டிக்கு ஒரு கை இருக்க வேண்டிய இடத்தில் அன்னத்தின் இறக்கையே நின்றுவிடுகிறது.

"அப்புறம்?" என்றேன். அப்புறம் ஒன்றுமில்லை, எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்றாள். அந்தக் கடைக்குட்டி என்ன ஆனான்? கதையில் இல்லை. எந்தக் கை, இடதா வலதா? அதுவும் கதையில் இல்லை, நாங்களாக இடது என்று வைத்துக்கொண்டோம் என்றாள். பிறகு சிரித்துவிட்டு, சின்ன வயதில் நானும் இதைக் கேட்டேன், அம்மா விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கு என்றுவிட்டார் என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் டீ நேரத்தில் சாம்பிள் பிரிவில் கதையைச் சொன்னேன். கதை தெரியாமல் அந்தக் கையை இவர்கள் மனதார வைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கட்டிங் மாஸ்டர், செந்தட்டி நூலில் துணி பின்னினால் போடுகிறவனுக்கு அரிக்காதா என்று கேட்டார். சட்டை போடப்போவது அன்னத்துக்கா ஆளுக்கா, அளவை யாரிடம் எடுத்தாள் என்பது அவருடைய அடுத்த சந்தேகம். திருநெல்வேலி அக்கா, பேசாமல் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள் என்று நம் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடாதே, நாளை முதல் நமக்கும் அதுவே சட்டம் ஆகிவிடும் என்றார். ஒடிசாவிலிருந்து வந்த செக்கிங் பெண் ஒருத்தி, பக்கத்திலிருந்தவளை இந்தியில் சொல்லச் சொல்லிக் கடைசி வரை கேட்டாள். அந்த ஒரு இறக்கையால் அவன் கொஞ்சமாவது பறந்தானா என்பதுதான் அவள் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த சாம்பிள் ஒரே நாளில் வந்தது. அக்கா அந்த வெள்ளைக் கையின் ஒவ்வோர் இறகையும் தனித்தனியாக மடித்து அடித்திருந்தார்.

என்னைத்தான் கதை விடவில்லை. அவன் எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்கினான்? குளித்தால் இறக்கை காய எவ்வளவு நேரம் ஆகும்? கூட்டத்தில் இடிபட்டால் இறகு உதிருமா, உதிர்ந்தால் மறுபடி முளைக்குமா? இதையெல்லாம் விட ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அவன் அதை வெளியே காட்டிக்கொண்டு நடந்தானா, இல்லை யாராவது அதற்கு ஒரு முழுக்கைச் சட்டை தைத்து மூடிவிட்டார்களா? பஸ்ஸில் போகும்போதும் அதே நினைப்பு. கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

இதை வைத்து அம்மாவை மடக்கிவிடலாம் என்ற எண்ணம் எனக்குள் வந்தது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா அழைப்பிதழ் வைக்கக் காங்கேயம் பக்கம் போயிருந்தார். பெரியப்பா மூலனூர்ச் சந்தையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்துவிட்டிருந்தார். அதைப் பங்கு வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அம்மா சாம்பாருக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்தேன். அந்தப் பையனை யாருமே குறையாக நினைக்கவில்லை, இறக்கையோடு அரண்மனையில் ஜம்மென்று இருந்தான் என்று கதையில் இல்லாத ஒரு வாலையும் கடைசியில் ஒட்டினேன்.

வாலை அம்மா கண்டுகொள்ளவே இல்லை. "அந்தப் புள்ளெ ஏன் அந்தக் கைய முடிக்கலெ?" என்று கேட்டாள்.

நேரமில்லை, வண்டியில் ஏற்றி இழுத்துப் போய்விட்டார்கள் என்றேன். அம்மா இன்னும் இரண்டு காயை நறுக்கினாள். பிறகு, அந்தப் பையன் அவளிடம் கேட்டானா என்றாள். என்னவென்று கேட்க வேண்டும் என்றேன். எனக்கு மட்டும் ஏன் கை வைக்கவில்லை என்று, என்றாள். கதையில் அப்படி எதுவும் இல்லை என்றேன்.

அம்மா அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள். "நீயும் கேக்கவே இல்லியே, கண்ணு."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. நான் கேட்காத கேள்வி என்று ஒன்று உண்டா? டாக்டர்களைக் கேட்டிருக்கிறேன், சிலருக்கு இப்படி ஆவதுண்டு, காரணம் சொல்ல முடியாது என்றார்கள். வயிற்றுக்குள் கை எப்படி வளர்கிறது என்று தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அம்மாவை மட்டும் கேட்டதில்லை. அவளிடம் பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவளோ ஒரு பதிலை வைத்துக்கொண்டு, நான் என்றைக்குக் கேட்பேன் என்று நான் பேச ஆரம்பித்த நாள் முதல் காத்திருந்திருக்கிறாள்.

"சரிங்கம்மா. இப்பக் கேக்கறேன். ஏன்?"

சொன்னாள். நான் வயிற்றில் இருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சி வெளியே தலை காட்டக் கூடாது, கத்தி கத்தரிக்கோல் தொடக் கூடாது, தொட்டால் பிள்ளைக்கு அந்த இடத்தில் குறை வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஜன்னலை அடைத்து, இருட்டறையில் பாயைப் போட்டுப் படுக்கச் சொன்னார்கள். அம்மா கம்பெனிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டில் படுத்துக் கிடக்க அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வயிறு இடிக்கிறதென்று மெஷினில் உட்கார வைக்காமல் அப்போது அவளைப் பிசிறு வெட்டும் மேஜைக்கு மாற்றியிருந்தார்கள். தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூல்களை வெட்டி எடுக்கிற வேலை. கிரகணம் பிடித்து விடுகிற வரை கையில் கத்தரியோடு உட்கார்ந்திருந்தாள்.

"அது மட்டுமில்லெ," என்றாள் அம்மா. "வெளிச்சம் ஒரு மாதிரி மங்குச்சு. எல்லாரும் தலையக் குனிஞ்சுட்டு இருந்தாங்க. எனக்கு மட்டும் எப்படித்தான் இருக்குதுன்னு பாக்கோணும்னு இருந்துச்சு. எந்திரிச்சுப் போயி ஜன்னல்ல பாத்தேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிப்போனது. நான் பிறந்ததும் கையைப் பார்த்தவர்கள் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றாள். அப்பாவிடமும் சொன்னதில்லை. பழனிக்கு நடந்து போன வருஷங்களில் முருகனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. யார் மேல் ஆத்திரம் என்றே தெரியவில்லை. எதையும் ஏன் எப்படி என்று கேட்காமல், சொன்னதைச் செய்துவிட்டுத் தன் பாட்டுக்கு இருக்கிற பெண்ணாகத்தான் நான் அம்மாவை அறிந்திருந்தேன். என்னுடைய இந்தத் துருதுருப்பு யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் எல்லோரும் அதிசயப்படுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து அதிசயப்பட்டிருக்கிறாள்.

"அப்ப நான் எத்தனை மாசங்கம்மா?" என்று கேட்டேன்.

"ஏழு முடிஞ்சு எட்டு."

டாக்டர் பாஷையில் சொன்னால் அவள் காதில் ஏறாது. "அம்மா, ஒரு சட்டையில கை எப்ப வெப்பீங்க?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கேள்விக்குப் பழக்கத்தில் பதில் வந்துவிட்டது. தோள் சேர்க்கணும், கழுத்துப் பட்டி வைக்கணும், அடுத்தது கை, அப்புறம்தான் சைடு அடிப்பது, அடி மடிப்பது என்றாள். பிசிறு வெட்டுவது எப்போது என்றேன். எல்லாம் முடிந்து கடைசியில் என்றாள்.

"வயித்துக்குள்ள புள்ளைக்குக் கை ரெண்டாவது மாசமே வெச்சாச்சுங்கம்மா. நான் இருக்கறேன்னே அப்பத்தான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க கத்தரியத் தொட்டப்ப நான் தெச்சு முடிச்ச சட்டை. நீங்க வந்தது பிசிறு வெட்டறதுக்கு."

அம்மாவின் உதடுகள் அசைந்தன. தோள், கழுத்து, கை என்று அவள் மறுபடி வரிசையை ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ஒரு தடவை முடித்துவிட்டு இன்னொரு தடவை முதலிலிருந்து ஓட்டினாள். பிறகு, உனக்கு இது நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். எப்போதிலிருந்து தெரியும் என்றாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்து என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நடுவில் குக்கர் இரண்டு விசில் விட்டதை இருவரும் கவனிக்கவில்லை, பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அவள் முழுக்க நம்பிவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் சுமந்ததை ஒரு மதியத்தில் யாரும் இறக்கி வைப்பதில்லை. முகம் கழுவி வந்தபோதுகூட, அன்றைக்கு வீட்டிலேயே படுத்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமா என்று ஒரு தடவை கேட்டாள். இப்படியேதான் ஆகியிருக்கும், இருட்டறையில் படுத்துக் கிடந்து கிரகணத்தைப் பார்க்காமல் விட்டிருப்பீர்கள் என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எப்படி இருந்தது என்று கேட்டேன். கடித்து வைத்த வெல்ல அச்சு மாதிரி இருந்தது என்றாள்.

பிறகு மெஷின் பக்கம் போனாள். ஆணியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து உதறிப் பார்த்தாள். ஏற்கனவே வெட்டி வைத்திருந்த நீளமான இடது கைத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். வெளிச்சத்துக்குத் திரும்பி நிற்கச் சொன்னாள். நான் சட்டையின் முழுக்கையைத் தோள் வரை சுருட்டிவிட்டு நின்றேன்.

அம்மா டேப்பின் நுனியை என் இடது தோளில் வைத்தாள். அதுவரை என் வலது கையை அளந்துதான் இரண்டு கையும் வெட்டியிருக்கிறாள் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. டேப் முழங்கையைத் தாண்டி இறங்கி, என் கை முடிகிற இடத்தில் வந்து நின்றது. அங்கே கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து எண்ணைப் பார்த்தாள்.

"பதினாறே கால்," என்றாள்.